புதுக் கம்ப்யூட்டர், கறுப்புத் திரை

மேற்கு ரயில்வேயின் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கமாகச் சில நிமிடங்கள் நடந்தால் லேமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயர். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் டாக்சிக்காரரோ கடைக்காரரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது அபூர்வம். சென்னைக்கு ரிச்சி தெரு, டெல்லிக்கு நேரு பிளேஸ் என்றால் மும்பைக்கு லேமிங்டன் ரோடு. கம்ப்யூட்டரை முழுதாக வாங்காமல் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொள்ள நினைப்பவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம்.

தாராவித் தமிழர்கள் மாஹிமில் ரயில் ஏறுகிறார்கள். மாட்டுங்காக்காரர்களுக்கு மாட்டுங்கா ரோடு நிலையம். இரண்டிலிருந்தும் நேர் வண்டி உண்டு. செம்பூர்க்காரர்கள் குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும். திரும்பி வரும்போது எல்லோர் மடியிலும் ஒரே மாதிரி சுமைதான்: மதர்போர்டு, பிராசஸர், ராம், கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி என ஆறேழு அட்டைப் பெட்டிகள். தாராவியில் அது தோல் பை வியாபாரத்தின் கணக்குக்காக இருக்கலாம். மாட்டுங்காவில் இன்ஜினியரிங் சேர்ந்த மகளுக்காக இருக்கலாம். செம்பூரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதற்காக இருக்கலாம். எதுவானாலும் அது பல மாதச் சேமிப்பு. சில வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கும்.

பெட்டிகளைப் பிரித்து, எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைப் போடுகிறார்கள். விளக்கு எரிகிறது. மின்விசிறி சுழல்கிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இந்தத் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழ், இந்தி, மராத்தி என்று எந்த மொழி பேசும் மெக்கானிக்கும் அதை ‘நோ டிஸ்ப்ளே’ என்றுதான் சொல்வார்.

பெரிய கம்பெனியின் பெயர் பொறித்த கம்ப்யூட்டராக இருந்தால் போன் போட்டு ஆளை வரவழைக்கலாம். பூட்டிய கம்ப்யூட்டருக்கு அந்த வசதி இல்லை. அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக ஒரு கம்பெனி, ஒரு சர்வீஸ் சென்டர், ஒரு வாரண்டி. மதர்போர்டு கம்பெனியைக் கேட்டால் ராமைப் பார்க்கச் சொல்வார்கள். ராம் கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டும். இவற்றை ஒன்றோடொன்று இணைத்த வேலைக்கு மட்டும் எவரும் வாரண்டி தருவதில்லை. பெரும்பாலான கோளாறுகள் இருப்பதோ அந்த இணைப்புகளில்தான்.

வீட்டுப் பணம் கரைவதும் இங்கேதான். “போர்டு போயிருக்கும் தம்பி, மாத்திருங்க” என்று யாராவது ஒருவர் சொல்ல, நல்ல மதர்போர்டு கழற்றப்படுகிறது. புதிதாக வந்ததும் ஓடவில்லை என்றால் பழி எஸ்எம்பிஎஸ் மீது விழுகிறது. அடுத்தது ராம். மூன்று பாகங்களை மாற்றிய பிறகு, பிராசஸருக்கு மின்சாரம் தரும் சின்னஞ்சிறு பிளக் ஒன்று சொருகப்படாமல் தொங்குவது கண்ணில் படுகிறது. ஊகத்துக்கான விலையை ஊகித்தவர் கொடுப்பதில்லை, கம்ப்யூட்டர் வாங்கியவர்தான் கொடுக்கிறார்.

இப்படி ஊகத்தில் அலையாமல் இருக்க ஒரு வழி உண்டு. அதுவும் மும்பைக்குப் புதிதல்ல. இந்த நகரில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரைக் கட்டியவர்கள் கையாண்ட வழி அது.

1950களின் நடுவில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு எலக்ட்ரானிக் டிஜிட்டல் கம்ப்யூட்டரைச் சொந்தமாக வடிவமைத்துக் கட்ட முடிவு செய்தது. அந்த வேலையில் முன்னின்றவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். பின்னாளில் இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவரானவரும் அவரே. கம்ப்யூட்டர் கட்டிய அனுபவசாலிகள் நாட்டில் கிடைக்காத காலம். ஆகவே அவர்கள் நேராகப் பெரிய இயந்திரத்தில் கை வைக்கவில்லை. முதலில் மாதிரி இயந்திரம் ஒன்றைச் சிறிய அளவில் கட்டினார்கள். போட்ட கணக்கும் வரைந்த சர்க்யூட்டும் சரிதானா என்று பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது அது. 1956ல் அது ஓடியது. அதன் பிறகுதான் பெரிய இயந்திரத்தின் வேலை தொடங்கியது. சுமார் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள் கொண்ட அது 1960ல் செயல்பாட்டுக்கு வந்தது. 1962ல் ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டப்பட்டது.

அத்தனை ஆயிரம் உறுப்புகளையும் ஒரே நாளில் பூட்டி சுவிட்சைப் போட்டிருந்தால், ஓடாதபோது எங்கே தேடுவது? சிறியதை முதலில் ஓட்டிக் காட்டிவிட்டு அதன் மேல் கட்டியதால்தான் தேட வேண்டிய இடம் சுருங்கியது. இன்று வீட்டு மேஜையில் ஓடாமல் நிற்கும் கம்ப்யூட்டருக்கும் இதே வைத்தியம்தான். எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஓடுவதற்கு எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வைத்து ஓட்டுங்கள். பிறகு ஒன்றொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, கோளாறு அங்கே.

கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது நான்கு வகை. சுவிட்சைப் போட்டும் விளக்கோ விசிறியோ அசையாமல் இருப்பது முதல் வகை. விசிறி சுழன்றும் படம் வராதது இரண்டாவது. சில விநாடிகள் ஓடிவிட்டுத் தானாக அணைவதும், அணைந்து அணைந்து எரிவதும் மூன்றாவது. படம் வந்தும் விண்டோஸ் வராதது நான்காவது. டாக்டரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் போதாது அல்லவா? காய்ச்சலா வயிற்றுவலியா என்று சொல்ல வேண்டாமா? இங்கேயும் அப்படித்தான். வகை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகையில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரம் வரும் பாதையை. சுவர் சுவிட்ச், ஸ்பைக் பஸ்டர், யூபிஎஸ் மூன்றையும் பாருங்கள். அதே பிளக்கில் ஒரு டேபிள் லாம்ப் எரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. அடுத்து கேபினட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் இருக்கும் சின்ன சுவிட்ச். கோடும் வட்டமும் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அழுந்தியிருந்தால்தான் மின்சாரம் உள்ளே போகும். அதன் பிறகு மதர்போர்டில் சொருகும் 24 முனை பிளக். அது முழுவதும் உள்ளே போய்க் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். முக்கால்வாசி போயிருந்தால் போதாது.

எல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால் கேபினட்டின் முன்னால் உள்ள பட்டனைச் சந்தேகிக்கலாம். அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சின்ன ஊசிகளில் மாட்டப்படுகின்றன. ஓர் ஊசி தள்ளி மாட்டினாலும் பட்டன் செத்த பட்டன். எந்த ஊசிகள் என்பது மதர்போர்டோடு வரும் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். அந்த ஒயர்களைக் கழற்றிவிட்டு, குறிப்பிட்ட இரண்டு ஊசிகளை மட்டும் ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுவிட்டு எடுத்தால் கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும். கிளம்பினால் மதர்போர்டு மேல் குற்றமில்லை, பட்டன்தான் குற்றவாளி.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே போய் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரமாகி அங்குள்ள கண்டென்சர்களில் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். மிச்சப்படுத்த நினைப்பது சில நூறு ரூபாய், பணயம் வைப்பது உயிர்.

இரண்டாவது வகைதான் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. விசிறி சுழல்வதைப் பார்த்ததும் ‘பவர் எல்லாம் வருகிறது’ என்று நம்பிவிடுகிறார்கள். விசிறிக்குப் போகும் மின்சாரம் வேறு, பிராசஸருக்குப் போகும் மின்சாரம் வேறு. 2000ம் ஆண்டில் பென்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்றே தனியாக ஒரு நான்கு முனை பிளக் வந்தது. பல போர்டுகளில் அது இப்போது எட்டு முனையாகிவிட்டது. போர்டின் மேல் மூலையில், கேபினட்டின் இருட்டில் அதன் இடம். கை நுழைவது கஷ்டம். பூட்டும்போது மறந்துபோகும் பிளக் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். மறந்தால் விசிறி சுழலும், விளக்கு எரியும், பிராசஸர் மட்டும் தூங்கும்.

அடுத்து மானிட்டர் கேபிள். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும். பழக்கதோஷத்தில் மதர்போர்டில் சொருகிவிட்டுத் திரை கறுப்பாக இருக்கிறது என்று கவலைப்படுபவர்கள் உண்டு. இதைவிட வேதனையானது இன்னொன்று. இன்டெல் பிராசஸர்களில் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து வந்தால் படம் காட்டும் பகுதி அதில் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கைக்கு அடக்கமாகத் தோன்றும். ஏஎம்டியின் 7000 வரிசைக்கு முந்தைய டெஸ்க்டாப் ரைசன்களிலும், ‘ஜி’ எழுத்து இல்லாதவற்றின் கதை இதுதான். அப்படிப்பட்ட பிராசஸரை வாங்கிக்கொண்டு, தனி கிராபிக்ஸ் கார்டும் வாங்காமல் வீடு திரும்பினால் அந்தக் கம்ப்யூட்டரில் என்றைக்கும் படம் வராது. அதில் கோளாறு என்று எதுவும் இல்லை. தவறு பில் போடும்போதே நடந்துவிட்டது. வாங்குபவர் கவனிக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும், விற்பவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிறகு ராம். சொருகும்போது இருபுறமும் ‘டக்’ என்று கொக்கி மாட்டும் சத்தம் வர வேண்டும். புதுப் போர்டில் பிடிமானம் இறுக்கமாக இருக்கும். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மெதுவாக அழுத்தி நிறுத்திவிடுபவர்கள் அதிகம். நான்கு இடங்கள் உள்ள போர்டில் ஒரே ஒரு ராம் போடுவதானால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது இடம், இரண்டு போடுவதானால் இரண்டாவதும் நான்காவதும். பழைய ராமை எடுத்துப் போட்டிருந்தால் அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுச் சொருகுவது மெக்கானிக்குகளின் கைவைத்தியம். வேடிக்கையாகத் தோன்றும். கடல் காற்றில் முனைகளில் படியும் அழுக்கு அதில் போய்விடுவதால் பல நேரங்களில் பலிக்கிறது.

பொறுமையும் ஒரு மருந்துதான். டிடிஆர்5 ராம் போடும் புதிய போர்டுகள் முதல் முறை கிளம்பும்போது ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்கின்றன. சில போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை கறுப்புதான். அரை நிமிடத்தில் பதறி அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்தால் அது பழகி முடிப்பதே இல்லை.

கம்ப்யூட்டரே தன் நோவைச் சொல்லத் தெரிந்ததுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1981ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசி, சுவிட்சைப் போட்டதும் தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன ‘பீப்’. சரியில்லை என்றால் வேறு வகைச் சத்தங்கள். அந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நெடிலும் குறிலுமாக எத்தனை பீப் என்றால் எது கோளாறு என்பது போர்டின் புத்தகத்தில் உண்டு. சத்தம் போடும் குட்டி ஸ்பீக்கரை இப்போது பல போர்டுகளோடு தருவதில்லை. அதைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், செலவு பெரிதல்ல. இன்னும் பல போர்டுகளில் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் வந்துவிட்டன. எந்த விளக்கில் போய் நிற்கிறதோ அதில்தான் சிக்கல். பாஷை தெரிந்த மெக்கானிக் முதலில் இதைத்தான் பார்ப்பார். தெரியாதவர் ஸ்குரூ டிரைவரை எடுப்பார்.

மூன்றாவது வகை, ஓடி ஓடி அணைவது. பெரும்பாலும் சூடு, அல்லது ஷார்ட். பிராசஸர் மேல் உட்காரும் கூலரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும். உரிக்காமல் பூட்டிவிட்டால் சூடு மேலே ஏறாது. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்ளும். கூலர் விசிறியின் ஒயரை அதற்குரிய இடத்தில் மாட்டாவிட்டாலும் சில போர்டுகள் ஓட மறுக்கும். ஷார்ட் என்பது கேபினட்டில் நடப்பது. மதர்போர்டு நேராகத் தகரத்தைத் தொடாமல் பித்தளைக் கால்கள் மேல் உட்காருகிறது. போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் கூடுதலாக நின்றுவிட்டால், அது போர்டின் முதுகைத் தொட்டு மின்சாரத்தைத் திருப்பிவிடும்.

நல்ல மெக்கானிக் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டிப் பார்ப்பதன் காரணம் இதுதான். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர். கிராபிக்ஸ் கார்டு அவசியம் என்றால் அது. வேறு எதுவும் வேண்டாம். அங்கே ஓடி, கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால் குற்றம் கேபினட்டில். அங்கேயும் ஓடவில்லை என்றால் சந்தேகத்துக்குரியவை நான்கைந்து பாகங்கள்தான். இதுதான் அந்த 1956 மாதிரி இயந்திரத்தின் பாடம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்பது இதில் மீறக் கூடாத விதி. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு ஓடத் தொடங்கினால், எது கெட்டது என்பது கடைசி வரை தெரியாது. நல்ல பாகம் ஒன்று அநியாயமாகக் குப்பைக்குப் போகும். தாராவியின் 13வது காம்பவுண்டில் பிளாஸ்டிக்கும் தகரமுமாகப் பிரிக்கப்படும் பழைய சாமான்களில் இப்படி ஆயுள் முடியும் முன்பே வந்து சேர்ந்தவையும் இருக்கத்தான் செய்யும்.

நான்காவது வகையில் பயப்பட அதிகமில்லை. படம் வந்துவிட்டதென்றால் முக்கிய உறுப்புகள் நலம். எஸ்எஸ்டி சரியாகச் சொருகியிருக்கிறதா, பயாஸ் பக்கத்தில் அதன் பெயர் தெரிகிறதா, அதில் விண்டோஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். புது எஸ்எஸ்டி காலியாகத்தான் வரும் என்பது பலருக்கு அப்போதுதான் நினைவுக்கு வரும்.

எல்லாக் குற்றமும் பூட்டியவர் மேல்தான் என்று சொல்லிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் ஏஎம்டி புதிய ரைசன் பிராசஸர்களை வெளியிட்டபோது கடைகளில் ஏற்கெனவே இருந்த மதர்போர்டுகள் பல அவற்றை அடையாளம் காணவில்லை. போர்டில் இருந்த பயாஸ் பழையது. புதுப்பிக்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், ஓடுவதற்கோ புதுப்பித்திருக்க வேண்டும். முட்டையா கோழியா என்ற கதைதான். கடைசியில் ஏஎம்டியே வாடிக்கையாளர்களுக்கு ஒரு பழைய வகை பிராசஸரைக் கடனாக அனுப்பி, பயாஸை மாற்றிக்கொண்டு திருப்பி அனுப்பச் சொன்னது. போர்டும் நல்லது, பிராசஸரும் நல்லது, சேர்ந்தால் மட்டும் ஓடாது என்ற நிலைமை இன்றும் கடைகளில் பழைய ஸ்டாக் உள்ளவரை நேரக்கூடியதே. இப்போது பல போர்டுகளில் பிராசஸர் ஓடாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை மாற்றும் பட்டன் இருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘இந்தப் போர்டு இந்தப் பிராசஸரை இப்படியே எடுத்துக்கொள்ளுமா?’ என்று கேட்டு, பில்லில் இரண்டின் பெயரையும் எழுதி வாங்குவது நல்லது.

மும்பையின் பழைய சால்களிலும் குடிசை வீடுகளிலும் இன்னொரு பிரச்னை உண்டு: எர்த் இல்லாத ஒயரிங். மூன்றாவது துளை சுவரில் இருக்கும், அதன் பின்னால் ஒயர் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கேபினட்டைத் தொட்டால் விரலில் ஒரு சுருக். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் சொற்ப மின்சாரம் இறங்க வழியில்லாமல் தகரத்தில் நிற்பதால் வருவது அது. ‘புதுக் கம்ப்யூட்டர் ஷாக் அடிக்கிறது’ என்று அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. உள்ளே உண்மையிலேயே மின்சாரம் கசியும் நாளில் உயிரைக் காப்பது அந்த மூன்றாவது ஒயர்தான்.

புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய எஸ்எம்பிஎஸ் போடுவது இன்னொரு ஆபத்தான சிக்கனம். வயதான கண்டென்சர்கள் தலை உப்பிக் கசியத் தொடங்கும். சுமார் 1999 முதல் 2007 வரை உலகெங்கும் தரமற்ற கண்டென்சர்களால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் படுத்தன. டெல் நிறுவனம் 2005ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஐம்பது ரூபாய் பெறாத உருப்படி மொத்தக் கம்ப்யூட்டரையும் படுக்க வைக்கும். கெட்ட ராம் தன்னோடு நின்றுவிடும். கெட்ட எஸ்எம்பிஎஸ் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பாகம் உண்மையிலேயே கெட்டது என்று தெரிந்தால்? அங்கேதான் அந்தச் சின்னக் காகிதத்தின் மதிப்பு தெரியும். ‘பில் வேண்டாம் என்றால் விலை குறையும்’ என்ற பேச்சுக்குப் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் ஆசை எழுவது இயற்கை. ஆனால் பில் இல்லாத பாகத்துக்கு வாரண்டி கேட்டு வாதாடுவது கல்லில் நார் உரிப்பதற்குச் சமம். பில் இருந்தால் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. அது கைவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே வழக்குக் கட்டணமே கிடையாது. வீட்டில் பூட்டும் கம்ப்யூட்டர் அநேகமாக எதுவும் அந்தத் தொகையைத் தாண்டாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பில்லும் கை கொடுக்காது. பிராசஸர் உட்காரும் இடத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. இன்டெல் 2004லும் ஏஎம்டி தன் சாதாரண டெஸ்க்டாப் ரகங்களில் 2022லும் இந்த ஊசிகளைப் பிராசஸரிலிருந்து போர்டுக்கு மாற்றின. ஒன்று வளைந்தாலும் கம்பெனிகள் பொதுவாக அதைக் கைத்தவறு என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிடும். ஆகவே கடையிலேயே பெட்டியைப் பிரித்து, மூடியைத் தூக்கி, ஊசிகளைக் கடைக்காரர் கண்ணெதிரிலேயே ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். மொபைல் போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இயன்றால் மொத்தக் கம்ப்யூட்டரையும் கடையிலேயே பூட்டி, படம் வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுக்கலாம். பூட்டித் தருவதற்கென்று கேட்கும் கூலி வீண் செலவல்ல. எவரும் வாரண்டி தராத அந்த இணைப்பு வேலைக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஓடவில்லை என்றால் பக்கத்துத் தெரு மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அவர் வந்து, எதையும் மாற்றாமல், ஒரு பிளக்கை அழுத்திச் சொருகிவிட்டுக் கூலி கேட்டால் சிலருக்கு மனசு வராது. “ஒரு ஒயரைக் குத்தினதுக்கா தம்பி இவ்வளவு?” என்பார்கள். அவரே ஒரு போர்டைக் கழற்றி எடுத்துப்போய் வேறு போர்டு மாட்டியிருந்தால் பல மடங்கு பணத்தை முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுத்திருப்பார்கள். பொருளுக்குப் பணம் தரும் கை, அறிவுக்குத் தரத் தயங்குகிறது. எதையும் விற்காமல் கம்ப்யூட்டரை ஓட வைத்துவிட்டுப் போகிறவர் அந்த வீட்டுக்கு ஒரு மதர்போர்டின் விலையை மிச்சப்படுத்தியிருக்கிறார். அவருடைய போன் நம்பரைப் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.